நோவை அனுப்பிய நாற்பத்தொரு பேர்

செங்கமடையில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், ஒற்றை அறை வீட்டில் ஒற்றை ஆளாகக் குடியிருந்த சொர்ணவடிவின் வலது முழங்கால் நோவு, மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி ஏழு நிமிடத்துக்கு அவளை விட்டுப் புறப்பட்டு, தெரு தாண்டி, சந்தை தாண்டி, முக்குப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டதோ இல்லையோ, நேரே ரெட்டைப்பேட்டு ஜவுளி மாளிகைக்குள் நுழைந்து, கல்லாவுக்குப் பின்னால் தேக்கு நாற்காலியில் சாய்ந்திருந்த அருணகிரி முதலாளியின் வலது முழங்காலில் ஏறிக்கொண்டது. செங்கமடைக்காரர்கள் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவதும் கிடையாது, கண்ணை விரிப்பதும் கிடையாது. அன்றைக்கு மழை பெய்தது, மதுரை பஸ் லேட்டாக வந்தது, சொர்ணவடிவு கால் நோவு முதலாளிக்குப் போனது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடிப்பார்கள்.

அதற்கு முந்தின நாள்தான் ரெஜினா சிஸ்டர் வந்திருந்தாள். அவள் ஒரு தர்ம ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வீடாகப் போய், மூட்டு நோவு இடுப்பு நோவு என்று கிடக்கிற வயசானவர்களின் போனில் 'நோவுத்துணை' என்ற ஒன்றை ஏற்றிக் கொடுக்கிற நர்ஸ். அதைத் திறந்தால் முகமில்லாத ஒரு உடம்புப் படம் வரும், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. நோகிற இடத்தில் விரலை வைத்தால் அந்த இடம் சிவக்கும். கீழே பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும் எண்கள். எவ்வளவு நோகிறதோ அந்த எண்ணைத் தொட்டு, அதற்கும் கீழே இருக்கிற 'அனுப்பு' என்பதை அமுக்கிவிட வேண்டும்.

"டாக்டர் பாத்துட்டு, ஒத்தடமா, பயிற்சியா, மாத்திரையான்னு பதில் போடுவாங்கம்மா" என்றாள் சிஸ்டர். "இப்ப உங்களைப் பாத்துக்கிறவங்க நம்பர் ஒன்னு சொல்லுங்க, நீங்க அனுப்புறது அவங்களுக்கும் போகும்."

"என்னை நான்தான் பாத்துக்கிறேன்."

"உங்க நம்பரையே போட முடியாதும்மா. வேற ஆளு வேணும். இந்தக் கட்டம் காலியா இருந்தா மேல போகமாட்டேங்குது."

"பாத்துக்கிறதுக்கு ஆளு இருந்தா உன்னை எதுக்கும்மா கூப்பிடப் போறேன்?"

"சரி, மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பர் எதையாச்சும் சொல்லுங்க. கட்டம் நெறஞ்சாப் போதும்."

சொர்ணவடிவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ரெட்டைப்பேட்டில் வேலை பார்த்த எல்லாப் பெண்களுக்கும் அது தெரியும். லீவு வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்குள் முதலாளிக்கே போன் போட்டு, அவர் எடுக்கிறவரைக்கும் அடித்துக்கொண்டே இருந்து, என்ன காய்ச்சல், எத்தனை டிகிரி, யார் செத்தது, என்ன உறவு என்று அவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அப்படி அடித்து அடித்து விரலில் ஏறின நம்பர். அதைச் சொன்னாள். சிஸ்டர் போட்டாள். கட்டம் நிறைந்தது.

மறுநாள் காலையில் சொர்ணவடிவு வலது முழங்காலைச் சிவக்க வைத்து, எட்டைத் தொட்டு, பத்து ஏழுக்கு அனுப்பினாள். பத்து ஏழு என்று அவள் திட்டம் போடவில்லை. ரெட்டைப்பேட்டில் பத்து மணிக்கு ஷட்டர் தூக்கி, விளக்கேற்றி, சாம்பிராணி காட்டி, பத்து ஏழுக்கு ஒரு மணி அடிப்பார்கள். அந்த மணிக்கு எல்லாப் பெண்களும் அவரவர் மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும். இரவு ஒன்பதரை மணி வரைக்கும் நின்ற கால் நிற்க வேண்டும். வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகியும் அவள் கால்களில் அந்த மணி தினமும் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

போன் 'டிங்' என்றது. வழுக்குகிற புதுப்பட்டு மேசை விளிம்பிலிருந்து தானாகச் சரிந்து கீழே போகுமே, அப்படி நோவு அவள் முழங்காலை விட்டுச் சரிந்து போனது. சொர்ணவடிவு எழுந்து நின்று பார்த்தாள். குந்தி உட்கார்ந்து பார்த்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போய்ப் பிடித்து வந்தாள். அது போதாமல், நிறைந்த குடத்தைக் கொட்டிவிட்டு மறுபடியும் போய்ப் பிடித்து வந்தாள்.

சாயங்காலம் பரிமளகாந்தி வந்தாள். அவள் தரைத்தளத்தில் உள்பாவாடை, நைட்டிப் பிரிவில் இருபத்தாறு வருஷம் நின்றவள்; இடுப்பு போய்விட்டது, வாய் போகவில்லை.

"யக்கா, சங்கதி தெரியுமா? நம்ம மொதலாளிக்குக் காலையில கால்ல என்னமோ வந்துருச்சாம். நாக்காலியில உக்காந்த மனுசன் ஆத்தேன்னு துள்ளி எந்திரிச்சாராம். வாட்ச்மேன் அண்ணன் சொன்னாரு."

"எந்தக் கால்?"

"வலது."

"எத்தன மணிக்கு?"

"மணியடிச்ச கையோடவாம்."

சொர்ணவடிவு மறுநாள் வேண்டுமென்றே இடது கணுக்காலைச் சிவக்க வைத்து, ஆறு போட்டு அனுப்பினாள். முதலாளி இடது கணுக்காலைப் பிடித்துக்கொண்டார் என்று சாயங்காலம் சேதி வந்தது. மூன்றாம் நாள் வலது தோள்பட்டை, ஏழு. வலது தோள்பட்டை என்றே சேதி வந்தது. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி மிக்சியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் பதினொரு வருஷத்துக் கதை இருந்தது. சொர்ணவடிவு மூன்றாவது மாடியில் பட்டுப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் நின்றவள். அங்கே மெத்தையும் நாற்காலியும் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். ஒரு தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, காலில் நரம்பெல்லாம் புடைத்து, பாதம் செருப்புக்குள் நுழையாமல் வீங்கி, கண் இருட்டிக்கொண்டு வர, துணிக்கட்டு ஒன்றின்மேல் அரை நிமிடம் அவள் சாய்ந்துவிட்டாள். முதலாளி பார்த்துவிட்டார். கல்யாணப் பட்டு எடுக்க வந்த கூட்டம் மொத்தமும் பார்க்க, கூட நின்ற பெண்கள் மொத்தமும் பார்க்க, "என்ன, வலிக்குதோ?" என்றார். ஆமாம் முதலாளி என்றாள். "எங்க, காட்டு. பாப்போம்."

அவள் சேலையைக் கணுக்காலுக்கு மேலே நாலு விரற்கடை தூக்கிக் காட்டினாள். வேறென்ன செய்வாள்.

"கால் காலாத்தான இருக்கு? வலி எங்க இருக்கு? காட்டு, பாப்போம்" என்றார் மறுபடியும். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சேலையை இறக்கிவிட்டுத் திரும்பி நின்று, வந்தவர்களுக்கு அரக்குப் பட்டு ஒன்றை எடுத்து விரித்தாள். அன்றைக்கு அவர்கள் நூற்றுப் பதினாலு சேலை பார்த்துவிட்டு, வேறு கடையிலும் பார்த்துவிட்டு வருகிறோம் என்று எழுந்து போனார்கள். 'கரை வெளிய தெரியணும்' என்ற முதலாளி சொல்படி அத்தனையையும் மடித்து வைத்துவிட்டு அவள் வீட்டுக்கு வர இரவு பதினொன்று. அந்தக் 'காட்டு' என்ற சொல் மட்டும் அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவளை விட்டுப் போகவில்லை. அவர் வாயால் வலிக்கிறது என்று சொல்ல, அதே சொல்லை அவர் முகத்துக்கு நேரே திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் கும்பிட்ட சாமியிடமெல்லாம் கேட்டது அது ஒன்றைத்தான்.

பரிமளத்திடம் சொன்னாள். பரிமளத்திடம் சொன்னால் நாற்பது பேரிடம் சொன்ன மாதிரி. பங்குனி பிறப்பதற்குள் ரெட்டைப்பேட்டில் நின்று நின்று வெளியேறின மற்ற நாற்பது பெண்களும் ரெஜினா சிஸ்டரைத் தேடிப்பிடித்து நோவுத்துணை ஏற்றிக்கொண்டார்கள். பார்த்துக்கொள்பவர் யார் என்று கேட்டபோது நாற்பது வாயும் சொர்ணவடிவு சொன்ன அதே நம்பரைச் சொன்னது.

"ஏம்மா, எல்லாருக்கும் ஒரே ஆளா?" என்றாள் சிஸ்டர்.

"அவருதாம்மா எங்க எல்லாரையும் பாத்துக்கிட்டவரு" என்றாள் பரிமளம், முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டு.

சொர்ணவடிவுடையதோடு சேர்த்து நாற்பத்தொரு நோவும் ஒரே நாளில் போனால் முதலாளி பொட்டென்று போய்விடுவாரே என்ற கவலை வந்தது. அதனால் நகராட்சிப் பூங்காவில் கூடி முறை வைத்துக்கொண்டார்கள். திங்கள் பட்டு, செவ்வாய் சுடிதார், புதன் வேட்டி துண்டு, வியாழன் ஜமுக்காளம் போர்வை, வெள்ளி உள்பாவாடை, சனிக்கிழமை குழந்தைகள் பிரிவு. ஞாயிறு விடுமுறை. அவர் தங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை தந்ததில்லை என்றும், தாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்றும் பரிமளம் விளக்கம் சொன்னாள். அனுப்பின நோவு ராத்திரி கடை அடைத்ததும் வீடு திரும்பிவிடும்; முறை இல்லாத நாளில் அவரவர் நோவை அவரவர் பொறுத்துக்கொண்டார்கள். நாளைக்கு நம் முறை என்று நினைத்துப் படுத்தால் நோவு பாதி குறைகிற மாதிரி இருந்தது.

ஊர் இதை ஏற்றுக்கொள்ள நாலு நாள் ஆனது. மருந்துக்கடைக்காரர் தைலம் வாங்கி அடுக்குவதைக் குறைத்துக்கொண்டு, முதலாளி வீட்டுக்கென்று தனியாக முழங்கால் பட்டி வரவழைத்தார். டீக்கடையில் "இன்னிக்கு எந்தப் பிரிவு?" என்று கேட்டுவிட்டுத்தான் பேப்பரைப் பிரித்தார்கள். பத்து ஏழுக்குத் தெருக்களில் 'டிங் டிங்' என்று கேட்டால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பின தாய்மார்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள். மற்ற வயசாளிகளும் முயற்சி செய்து பார்க்கத்தான் செய்தார்கள். முப்பது வருஷம் பஸ் ஓட்டின ஒருத்தர் பழைய டிப்போவின் நம்பரைப் போட்டார்; அது மேசை போன், யாரும் எடுக்கவில்லை, நோவு நாள் முழுக்க அங்கேயே மணியடித்துவிட்டுப் பசியோடு திரும்பி வந்தது. வெளிநாட்டு மகனின் நம்பரைப் போட்ட ஒரு பெரியவரின் நோவு போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. தன்னை அடித்தே இடுப்பை உடைத்த புருஷனின் நம்பரைப் போட்ட ஒரு கிழவிக்கு மட்டும், ஆள் செத்து இரண்டு வருஷம் ஆகிவிட்டபடியால், நோவு போன வேகத்தில் திரும்பி வந்தது.

முதலாளி மதுரைக்குப் போனார், திருநெல்வேலிக்குப் போனார், படம் எடுத்தார், குழாய்க்குள் படுத்து எடுத்தார். எலும்பு சுத்தம், நரம்பு சுத்தம். "வயசு ஆகுதுல்ல, மனசை லேசா வெச்சுக்கங்க" என்றார்கள் டாக்டர்கள். "நாலு படம் எடுத்தாச்சு, ஒன்னுமே இல்லை. சும்மா நடிக்காதீங்கப்பா" என்றான் மகன். அதோடு அந்த நோவு விசித்திரமான நோவு. நின்று நின்றே வளர்ந்தது, அதற்கு உட்காரத் தெரியாது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் அது முதலாளியைத் தேக்கு நாற்காலியில் உட்காரவிடவில்லை. பத்து ஏழிலிருந்து ஒன்பதரை வரைக்கும் அவர் தன் கடையில் தானே நின்றார். சித்திரைப் பொருட்காட்சிக்கு வந்த வெளியூர்க்காரர்கள்கூட ரெட்டைப்பேட்டு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வைகாசி நடுவில் ஒருநாள் சொர்ணவடிவு சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது முதலாளி எதிரே வந்தார். கையை வீசிக்கொண்டு வந்தார். சாக்கடைப் பாலத்தின் மூன்று படியை ஒரே எட்டில் தாண்டினார். அன்றைக்குத் திங்கள்கிழமை. அன்று காலையில்தான் அவள் எட்டு அனுப்பியிருந்தாள், நோவு அவளை விட்டுப் போயும் இருந்தது. அப்படியானால் அது எங்கே போனது?

முருங்கைக்காயை அங்கேயே போட்டுவிட்டு, பரிமளத்தைக் கூப்பிட்டுக்கொண்டு, ரெட்டைப்பேட்டு வாசலுக்குப் போனாள். வாட்ச்மேன் செவத்தையா வாசல் தூணைக் கட்டிப் பிடித்தபடி நின்றிருந்தார். அறுபத்தெட்டு வயசு. முகம் சாம்பலாகியிருந்தது. பக்கத்தில் அவருடைய பச்சை ஸ்டூல் காலியாகக் கிடந்தது.

அந்த ஸ்டூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து மாடியிலும் வேலை பார்க்கிற ஆள் உட்காரலாம் என்றிருந்த ஒரே ஆசனம் அதுதான், வாட்ச்மேனுடையது. இரவில் வெளியேறும்போது பெண்கள் ஒவ்வொருத்தியின் பையையும் செவத்தையா சோதனை போட வேண்டும் என்பது சட்டம். அவர் ரொம்பக் கண்டிப்பானவர். டிபன் பாக்ஸைத் திறந்து மோந்து பார்ப்பார், கைக்குட்டையை உதறுவார், சில்லறைப் பர்சைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். ஒரு பைக்கு இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடமும் பைக்குச் சொந்தக்காரி ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். முப்பது வருஷம் நாற்பத்தொரு பேரும் கடைக்குள் உட்கார்ந்தது அந்த இரண்டு நிமிடம்தான்.

"என்னண்ணே, ஒடம்புக்கு?" என்றாள் சொர்ணவடிவு.

"வா சொர்ணம்" என்றார் செவத்தையா. "இது உன் வலது முழங்கால்தான? எனக்குத் தெரியும். ரெண்டாவது மாடித் திருப்பத்துல நின்னு மூச்சு விட்டுட்டு ஏறுவியே, அதே மாதிரி எங்கால்லயும் கொஞ்சம் நின்னுட்டுத்தான் ஏறுச்சு. வெள்ளிக்கிழமையானா பரிமளத்தோட இடுப்பு. அது வந்தா லொடலொடன்னு ஒரு நிமிசம் சும்மா இருக்காது."

"அது என் இடுப்புதான்" என்றாள் பரிமளம், வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு.

நடந்தது இதுதான். ஒவ்வொரு தடவையும் நோவு வருவதற்கு முன்னால் சட்டைப்பையில் போன் துடிப்பதை முதலாளி கண்டுபிடித்துவிட்டார். புது போன், புது நம்பர் வாங்கிக்கொண்டு, பழையதைச் செவத்தையாவின் கையில் வைத்து, "நீ வெச்சுக்க. பழைய வாடிக்கைக்காரங்க கூப்பிடுவாங்க, அணைக்கக் கூடாது, ஒடம்போடயே இருக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். முப்பத்து மூன்று வருஷத்தில் முதலாளி கையால் அவருக்குக் கிடைத்த முதல் பரிசு.

"தூக்கி எறிஞ்சிருக்கலாம்லண்ணே?"

"எறிஞ்சா எவன் எடுப்பான்னு தெரியாதுல்ல. எடுக்கிறவன் என்ன பாவம் பண்ணினான்?"

"அவருக்குத் தெரியுமா? உங்களுக்கு இப்படி வருதுன்னு?"

"தெரியாமலா. தெனமும் பத்தேகாலுக்கு வாசலுக்கு வந்து, 'என்ன செவத்தையா, வந்துருச்சா?'ன்னு கேட்டுட்டுத்தான் உள்ள போயி உக்காருறாரு."

சொர்ணவடிவு அந்தப் பச்சை ஸ்டூலைப் பார்த்தாள். இதுவரைக்கும் அவளுக்கு இருந்தது கோபம். கோபம் சூடாக இருக்கும், வரும், போகும். இப்போது உள்ளே வந்து உட்கார்ந்ததோ குளிர்ந்து கிடந்தது. அதற்கு அவசரமே இல்லை.

அன்று சாயங்காலம் பூங்காவில் நாற்பத்தொரு பேரும் கூடினார்கள். நாளையிலிருந்து யாரும் அனுப்பக் கூடாது, அவரவர் நோவு அவரவரிடமே இருக்கட்டும் என்றாள் சொர்ணவடிவு. இரண்டு மூன்று மாதமாக வாரத்தில் ஒரு நாளாவது நோவில்லாமல் நடந்து பழகின கால்கள். ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"புது நம்பரைக் கண்டுபிடிச்சு இன்னிக்கே அனுப்புவோம்க்கா" என்றாள் பரிமளம். "செவத்தையா அண்ணனுக்குத் தெரியும். லீவுக்கு அவரும் போன் அடிச்சுத்தான ஆகணும்?"

"அனுப்பினா? இன்னொரு போன் வாங்குவான். அந்த போனை வேற எந்த ஏழை தலையில கட்டுவானோ. அவன் நகர முடியாத நாள் ஒன்னு இருக்கு. அதுவரைக்கும் சேத்து வைங்க."

எந்த நாள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அந்தக் கடையில் நின்றவர்கள். ஆடி ஒன்றாம் தேதி தள்ளுபடி விற்பனையின் முதல் சேலையை, மூன்றாவது மாடியில், முதலாளி தன் கையால் எடுத்து விரித்துக் காட்டி விற்க வேண்டும். அவருடைய அப்பா காலத்திலிருந்து வருகிற வழக்கம். முதல் ஆளாக உள்ளே வருகிற வாடிக்கையாளர் வெறுங்கையோடு எழுந்து போய்விட்டால் அந்த வருஷ வியாபாரமே படுத்துவிடும் என்று அவருக்கு உயிர்ப்பயம். இடி விழுந்தாலும், அந்தப் போணி முடிகிறவரைக்கும் அந்த இடத்தை விட்டு அசையமாட்டார்.

நாற்பது நாளைக்கு மேல் சேர்த்து வைத்தார்கள். நோவுகள் திரும்பி வந்தபோது ஊருக்குப் போய்விட்டு வந்த மாமியார் மாதிரி முன்னைக்கு இரண்டு மடங்கு அதிகாரத்தோடு வந்தன. சிலர் சுவரைப் பிடித்து நடந்தார்கள். சிலர் நடக்கவே இல்லை. தினமும் போன், 'நீங்கள் இன்றும் நோவைப் பதிவு செய்யவில்லை, நலமா?' என்று கேட்டது. நலம்தான், நலம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனைக் கவிழ்த்து வைத்தார்கள். ரெஜினா சிஸ்டரை வரவழைத்து நாற்பத்தொரு கட்டத்திலும் புது நம்பரைப் போட்டார்கள். சிஸ்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளும் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள்தான். ஒன்றும் கேட்காமல் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆடி ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்கே ரெட்டைப்பேட்டு வாசலில் கூட்டம் தெரு முக்கைத் தாண்டியது. ஷட்டர் தூக்கியதும் செவத்தையா வாசலுக்குக் குறுக்கே கட்டின கயிற்றை அவிழ்க்காமல், ஓரமாக நின்ற சொர்ணவடிவை மட்டும் கையைக் காட்டி அழைத்தார்.

"மொத ஆளு நீ போம்மா" என்றார். "பைச் சோதனை இருக்கு. ரெண்டு நிமிசம் உக்காரு."

அவள் பச்சை ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் கைக்குட்டையை உதறிப் பார்த்துவிட்டு அனுப்பினார். லிஃப்ட் பக்கம் போகாமல் மூன்று மாடியையும் படியேறினாள். சேர்த்து வைத்த நோவு ஒவ்வொரு படியிலும் எலும்பைக் கடித்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு விட்டுக்கொண்டு ஏறினாள்.

பட்டுப் பிரிவு மாறவே இல்லை. வேலை பார்ப்பவர்கள் உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்ட பிறகு மேசைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் வந்திருந்தது. அதில் சேலை கட்டின பொம்மை ஒன்றை உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஏழு பெண்கள் வரிசையாக நின்றார்கள். சொர்ணவடிவு வாடிக்கையாளர் நாற்காலியில், நடுவில் இருந்ததில், உட்கார்ந்தாள். முப்பத்தோரு வருஷம் பார்த்துப் பார்த்துப் பழகின நாற்காலி. நினைத்த அளவுக்கு மெத்தென்று இல்லை.

பட்டுச்சட்டை போட்டு, சந்தனம் இட்டு, முதலாளி கும்பிட்டபடி வந்தார். அவளை அடையாளம் தெரியவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் அவர் அவள் காலைத்தான் பார்த்திருக்கிறார், நிற்கிறதா உட்கார்கிறதா என்று.

"வாங்கம்மா, வாங்க. மொதப் போணி உங்க கையால. என்ன மாதிரி பாக்குறீங்க?"

"காட்டுப்பா, பாப்போம்" என்றாள் சொர்ணவடிவு.

வாடிக்கையாளர் வாய் எப்படியும் பேசும். அவர் சிரித்துக்கொண்டே அரக்கு நிறத்தில் ஒன்றை எடுத்து விரித்தார். கீழே மணி அடித்தது. பத்து ஏழு.

அவர் சட்டைப்பையில் 'டிங்' என்றது. பரிமளத்தின் இடுப்பு.

முதலாளி மேசையைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு மட்டும் முகத்தில் மாட்டினபடி இருந்தது.

"அரக்கு வேணாம். பச்சை காட்டு."

பச்சையை விரித்தார். டிங். வேட்டிப் பிரிவுக் குருவம்மாளின் இடது குதிகால். மாம்பழ நிறம் காட்டு என்றாள். டிங். சுடிதார்ப் பிரிவு மெகராஜ் பேகத்தின் புடைத்த நரம்பு. கத்தரிப்பூ காட்டு. டிங். ஜமுக்காளம் தூக்கித் தூக்கிச் செத்துப்போன ஒரு தோள்பட்டை. கரை சின்னதா, முந்தி பெரிசா, கட்டம் போட்டது, கட்டம் இல்லாதது, மணப்பொண்ணுக்கு, மணப்பொண்ணு அம்மாவுக்கு என்று அவள் கேட்கக் கேட்க, ஒவ்வொரு சேலைக்கும் ஒரு டிங், ஒவ்வொரு டிங்குக்கும் முப்பது வருஷத்து ஒரு உடம்பு, நாற்பது நாள் வட்டியோடு அவருக்குள் வந்து நின்றது. நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். அவற்றுக்கு உட்காரத் தெரியாது. போனைப் பிடுங்கி எறிந்தார்; அது அவர் காலடியில் குவிந்த பட்டுக்குள்ளேயே விழுந்து அங்கிருந்தே டிங் என்றது. வந்த நோவு போனோடு போகவில்லை. இருபதாவது சேலையில் பட்டுச்சட்டை முதுகில் ஒட்டியது. முப்பதாவதில் கண்ணீர் தாடையில் வந்து நின்றது. கீழே கூட்டம் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இரைந்துகொண்டிருந்தது. போணி ஆகாமல் கயிற்றை அவிழ்க்க முடியாது. போணி ஆகாமல் அவரும் நகர முடியாது.

வரிசையில் நின்ற ஏழு பெண்களில் ஒருத்தி பொம்மையைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். முதலாளி பார்த்தார். அடுத்த சேலையை எடுத்து விரித்தார். மற்ற ஆறு பேரும் துணிக்கட்டுகளின்மேல் உட்கார்ந்தார்கள்.

நாற்பது சேலை ஆனது. மேசை தெரியவில்லை, தரை தெரியவில்லை, எங்கும் பட்டு.

"அம்மா, ஏதாவது ஒன்னை எடுங்கம்மா" என்றார் முதலாளி. "சும்மாகூட எடுத்துக்கங்க. என்னால முடியலை."

"ஏன், என்ன?"

"வலிக்குது."

சொர்ணவடிவு நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"வலிக்குதா?" என்றாள். "எங்க, காட்டு. பாப்போம்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். முதல் தடவையாக முகத்தைப் பார்த்தார். பதினொரு வருஷத்துக்கு முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமை மெதுவாக அவர் கண்ணுக்குள் ஏறி வந்ததை அவள் பார்த்தாள், இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு விட்டுக்கொண்டு ஏறி வருகிற மாதிரி.

"சொர்ணமா?"

அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். படத்தில் வலது முழங்காலைச் சிவக்க வைத்தாள். இடது முழங்காலையும் வைத்தாள். கணுக்கால், குதிகால், இடுப்பு, தோள் என்று முகமில்லாத அந்த உடம்பு முழுவதையும் அரக்குப் பட்டு மாதிரி சிவக்க வைத்தாள். பத்தைத் தொட்டாள். நாற்பத்தோராவது சேலையை அவர் விரிக்கும்போதே 'அனுப்பு' என்பதை அமுக்கினாள்.

எல்லாம் சரிந்து போனது. எழுந்து நின்றாள். கால் தரையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

"போணி..." என்றார் அவர், மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "போணி பண்ணாமப் போகாத சொர்ணம். உனக்குப் புண்ணியமாப் போகும்."

"ஒன்னும் மனசுக்குப் பிடிக்கலை" என்றாள் சொர்ணவடிவு. "வேற கடையிலயும் பாத்துட்டு வர்றேன்."

படிக்கட்டு வரைக்கும் போனவள் நின்று, விரிந்து கிடந்த நாற்பத்தொரு சேலைகளையும் ஒரு தடவை பார்த்தாள்.

"எல்லாத்தையும் மடிச்சு வை" என்றாள். "கரை வெளிய தெரியணும்."